கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை: எங்கிருந்து தொடங்குவது? (பாளையங்கோட்டைப் பக்கம்)

வாழைத்தோட்டம் | ஏப்ரல் 26, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டம் பாளையங்கோட்டைக்குத் தெற்கே, பாளையங்கால் வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. தாத்தா வெட்டிய கிணறு, 45 அடி ஆழம், 5 எச்.பி. மோட்டார். வாழைக்கும் வீட்டுக்கும் இதே தண்ணீர்தான்.

இருபது நாளாகத் தண்ணீரில் பெட்ரோல் வாடை. முதலில் அம்மாதான் கண்டுபிடித்தார்கள். காலையில் மோட்டார் போட்டதும் ஐந்து நிமிடம் வாடை தூக்கலாக வருகிறது, அப்புறம் குறைந்துவிடுகிறது. தொட்டியில் நிற்கும் தண்ணீரின் மேல் வானவில் மாதிரி ஒரு படலம்.

கிணற்றுக்கு வடக்கே 120 மீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க், நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே, 1994 வாக்கிலிருந்து இருக்கிறது. எதிரே ஒரு லாரி ஒர்க்‌ஷாப். பங்கில் கேட்டேன். "எங்க டேங்க்ல ஒண்ணும் இல்ல" என்று முடித்துவிட்டார்கள்.

ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் வந்ததும் புகார் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எந்த டெஸ்ட் கேட்க வேண்டும்?

தாமிரபரணிக்கரை | ஏப்ரல் 26, இரவு 9.40

லேபெல்லாம் எதற்கு தம்பி? பங்க் இருக்கிறது, பக்கத்தில் கிணறு நாறுகிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள்.

நிலநீர்க்காரர் | ஏப்ரல் 26, இரவு 11.05

மனு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இன்று ராத்திரியே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள். சூடு பண்ணிக் குளிக்கவும் வேண்டாம். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள்; பெட்ரோலில் இருக்கும் பென்சீன் ஆவியாகி அடுக்களைக் காற்றில் கலக்கும், அதை நீங்கள்தான் மூச்சில் இழுப்பீர்கள். பென்சீன் புற்றுநோய் தரும் பொருள், அதில் சந்தேகமே கிடையாது. அப்புறம், தூர் வாருகிறேன், பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒருவரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், கிணற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றில் ஒன்றரை சதவீதம் இருந்தாலே ஒரு பொறி பட்டால் பற்றிவிடும். கிணற்றடியில் பீடி கூடாது. உங்கள் ஸ்டார்ட்டர் பெட்டி கிணற்றை ஒட்டி இருந்தால் அதையும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு பாட்டில் தண்ணீர் அனுப்பினால் "எண்ணெய் இருக்கிறது" என்று ஒரு தாள் வரும். அது உங்கள் அம்மா மூக்காலேயே சொன்ன செய்திதான். எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வருகிறது, அடுத்து யார் வீட்டுக்குப் போகப்போகிறது என்ற மூன்றுக்கும் அந்தத் தாளில் பதில் இருக்காது. பங்க்காரர் "ஒர்க்‌ஷாப்" என்பார், ஒர்க்‌ஷாப்காரர் "பங்க்" என்பார், இரண்டு பேரும் சேர்ந்து "உங்க மோட்டார்ல ஆயில் லீக்" என்பார்கள். உங்களிடம் மறுத்துச் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஆகவே முதலில் காகிதத்தில் ஒரு படம் போடுங்கள். பங்க், ஒர்க்‌ஷாப், உங்கள் கிணறு, வாய்க்கால், சுற்றி 500 மீட்டருக்குள் இருக்கும் எல்லாக் கிணறு, போர், அடிபம்பு. ஒவ்வொன்றுக்கும் ஆழம், கேசிங் (போருக்குள் மேலிருந்து இறக்கும் பைப்) எத்தனை அடி, நீர்மட்டம், தினம் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது, வாடை உண்டா என்று எழுதிக்கொள்ளுங்கள். இதற்குக் காசு செலவில்லை, இரண்டு நாள் நடை.

படலத்தையும் சோதித்துவிடுங்கள். தொட்டியில் குச்சியால் கலைத்துப் பாருங்கள். இரும்புச்சத்துள்ள தண்ணீரில் பாக்டீரியாவால் வரும் படலமும் வானவில் காட்டும், ஆனால் குச்சி பட்டால் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நிற்கும். எண்ணெய் என்றால் விலகிவிட்டு மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

வாழைத்தோட்டம் | ஏப்ரல் 27, மாலை 6.30

அண்ணாச்சி, நன்றி. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிவிட்டோம். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அடுப்பில் இருந்த வெந்நீரை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

குச்சியால் கலைத்தேன். விலகிய படலம் ஐந்தாறு விநாடியில் திரும்பக் கூடிவிட்டது. மூன்று தடவை செய்தேன், மூன்றும் அப்படியே.

கிணற்றுக்குள் இறங்கவில்லை. தாத்தா செய்வாரே, அதேபோல் முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து வெளிச்சத்தை உள்ளே திருப்பிப் பார்த்தேன். மேலே ஐந்தடி செம்மண், அதன் கீழ் சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி), பிறகு முரம்பு (சரளை மண்). 20 அடிக்குக் கீழே பாறை. தண்ணீர் இப்போது 28 அடியில் நிற்கிறது. வடமேற்குச் சுவரில் 24 அடி வாக்கில் ஒரு வெடிப்பு இருக்கிறது, கையகலம். அதன் கீழ் உதட்டிலிருந்து தண்ணீர் மட்டம் வரை கறுப்பாக ஒரு கோடு வழிந்திருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் அப்படி இல்லை.

நிலநீர்க்காரர் | ஏப்ரல் 27, இரவு 8.15

நீங்கள் கண்ணாடியில் பார்த்த அந்தக் கோட்டுக்காக வெளியூர்களில் போர் மேல் போர் போடுவார்கள். திறந்த கிணறு இருப்பது உங்களுக்குப் பெரிய வரம். இன்றைய தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள், அளவு தெரிய ஒரு அடிக்கயிற்றைத் தொங்கவிட்டு எடுங்கள்.

திசையன்விளை | ஏப்ரல் 28, காலை 7.50

வெடிப்பு என்றதும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆயன்குளம் கிணறு ஞாபகம் வருகிறது. 2021 மழையில் உபரித் தண்ணீர் நாள்கணக்கில் உள்ளே விழுந்தும் கிணறு நிரம்பவே இல்லை. சென்னை ஐஐடியிலிருந்து வந்து ஆராய்ந்தார்கள், கீழே சுண்ணாம்புப் பாறையில் குகை மாதிரி வழிகள் இருக்கின்றன என்றார்கள். அந்த மாதிரி இடத்தில் எண்ணெய் கொட்டினால் எந்தக் கிணற்றில் போய் எழும்பும் என்று யார் சொல்ல முடியும்?

நிலநீர்க்காரர் | ஏப்ரல் 28, காலை 9.20

நல்ல உதாரணம். பாளையங்கோட்டைப் பக்கம் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் என்னும் கெட்டிப் பாறை வகைகள், குகை இருக்காது. ஆனாலும் பாறைக்குள் தண்ணீர் போவது வெடிப்பு வழியாகத்தான். மேலே முரம்பில் நீர்மட்டச் சரிவைப் பார்த்துப் போகும் எண்ணெய், பாறையில் வெடிப்பு போகிற திசைக்கு இழுபடும். அதனால் "பங்கிலிருந்து கிணற்றுக்கு நேர்கோடு" என்று ஸ்கேல் வைத்துக் கோடு போடாதீர்கள்.

டிப்ராடு | ஏப்ரல் 28, இரவு 10.30

நான் தென்காசிப் பக்கம் ஒரு பங்கில் பதினாறு வருடமாக சூப்பர்வைசர். எங்கள் தரப்பையும் கொஞ்சம் சொல்கிறேன்.

தினமும் காலையில் டேங்கில் டிப் ராடு (அளவுக் கம்பி) விட்டு அளவு பார்ப்போம். ராடு நுனியில் பேஸ்ட் தடவி அடியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்ப்போம், தண்ணீர் பட்டால் பேஸ்ட் நிறம் மாறும். இருப்பு, வந்த லோடு, விற்பனை எல்லாம் ரிஜிஸ்டரில் ஏறும். பெரிய ஓட்டை என்றால் இதிலேயே தெரிந்துவிடும். சின்னக் கசிவு தெரியாது. மாதம் 100 கிலோலிட்டர் விற்கிற பங்கில் அரை சதவீதம் என்றாலே 500 லிட்டர். வெயில், ஆவி, அளவுப் பிழை என்று எல்லாக் கணக்கும் அதற்குள் அடங்கிவிடும். "ஒண்ணும் இல்ல" என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை.

டேங்கைவிட நான் அதிகம் சந்தேகப்படுவது பைப் ஜாயின்ட்டையும், லாரியிலிருந்து இறக்கும் ஃபில் பாயின்ட்டையும்தான். ஹோஸ் கழற்றும்போது ஒவ்வொரு லோடிலும் நாலு சொட்டு விழும், முப்பது வருடத்துக்கு எத்தனை லோடு என்று பாருங்கள். டேங்கையும் பைப்பையும் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க முடியும். ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்க வேண்டியது டிப் ரிஜிஸ்டர், டேங்க் மாற்றிய தேதி, பைப் போன பாதைப் படம். பழைய டேங்கை எடுக்காமல் மணல் நிரப்பி அப்படியே விட்டிருக்கிறார்களா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

வாழைத்தோட்டம் | ஏப்ரல் 29, காலை 6.05

ரொம்ப நன்றி அண்ணே. பழைய டேங்க் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. பங்கை 2000க்குப் பிறகு ஒரு தடவை இடித்துக் கட்டினார்கள் என்று அப்பா சொல்கிறார்.

கண்ணாடிக்குடுவை | ஏப்ரல் 29, மதியம் 1.45

நான் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் அப்பா சொன்ன தேதி முக்கியம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. 1994இல் தொடங்கிய பங்க் என்றால் ஐந்தாறு வருடம் ஈய பெட்ரோல் விற்றிருக்கும். தண்ணீரில் எத்திலீன் டைபுரோமைடு இருந்தால் அது பழைய காலத்துக் கசிவைக் காட்டும், அந்தக் காலப் பெட்ரோலில் ஈயத்தோடு சேர்த்துப் போட்ட பொருள் அது. மண்ணில் ஈயத்தையும் பாருங்கள். புதுக் கசிவு என்றால் பெட்ரோலில் சேர்க்கும் எம்டிபிஇ, எத்தனால் பக்கம் பார்க்க வேண்டும். இப்போது வரும் இ20 பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத் தின்னும், தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் அதிலேயே தீர்ந்துவிடும், பென்சீன் தின்னப்படாமல் இன்னும் தூரம் போகும்.

நீங்கள் கேட்க வேண்டிய சோதனை: பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கும் சேர்ந்த பிடெக்ஸ், நாப்தலீன், எம்டிபிஇ, மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன். அதோடு, கருவி ஒவ்வொரு பொருளையும் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராம் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல், டீசல், பழைய எஞ்சின் ஆயில் மூன்றுக்கும் வரைபடத்தின் உருவம் வேறு வேறு. பங்கா, ஒர்க்‌ஷாப்பா என்ற சண்டைக்கு அங்கேதான் பதில் கிடைக்கும். டீசலுக்குப் பங்கும் காரணமாகலாம், ஆனால் எஞ்சின் ஆயில் பங்க் டேங்கிலிருந்து வராது.

பிளாஸ்டிக் பாட்டிலில் பிடிக்கவே கூடாது. 40 மில்லி கண்ணாடிக் குப்பி, ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு முன்னாலேயே விட்டு லேப் தரும். தண்ணீரைச் சுவரோடு வழியவிட்டு விளிம்புக்கு மேல் தண்ணீர் புடைத்து நிற்கும்வரை நிரப்பி மூட வேண்டும். மூடியபின் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள், ஒரு கடுகளவு காற்றுக் குமிழி ஓடினாலும் அந்தக் குப்பியை விட்டுவிட்டு வேறு குப்பியில் பிடியுங்கள். பென்சீன் அந்தக் குமிழிக்குள் போய்விடும். ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, 14 நாளுக்குள் சோதனை முடிய வேண்டும். லேபிலிருந்தே நிரப்பி வரும் ஒரு சுத்தத் தண்ணீர்க் குப்பி உங்கள் பெட்டியோடு போய்த் திறக்காமல் திரும்பி வர வேண்டும். அதில் பென்சீன் வந்தால் உங்கள் கார் டிக்கியில் இருந்த பெட்ரோல் வாடைதான் மாதிரியில் ஏறியிருக்கிறது. ஒரு கிணற்றில் இரட்டை மாதிரியும் எடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நாக்கு அதை உணர்வதற்கு லிட்டருக்கு அரை மில்லிகிராமாவது வேண்டும், அதாவது 50 மடங்கு. பக்கத்து வீட்டுப் போரில் வாடை இல்லை என்பதால் அது நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தாமிரபரணிக்கரை | ஏப்ரல் 29, மாலை 5.00

நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அக்கா சொன்னதைப் படித்ததும் எங்கள் தெருப் பக்கத்தில் மூடிப்போன பழைய மண்ணெண்ணெய்க் கிடங்கு ஒன்றைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ரிக்வண்டி | ஏப்ரல் 30, இரவு 8.40

திருச்செங்கோட்டு போர் போடும் வண்டியில் பத்து வருடம் ஓடியவன், இப்போது நாங்குநேரியில் சொந்த வண்டி. போர் போட்டு மண் எடுக்கலாம் என்று முடிவு பண்ணினால் ஒரு எச்சரிக்கை. எங்கள் வண்டி காற்றடித்துப் போடுகிறது. அந்தக் காற்றிலேயே பெட்ரோல் ஆவி பறந்துவிடும், கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் கலக்கும், சமயத்தில் நுரையும் ஊற்றுவோம். அதில் எடுத்த மண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முரம்பு வரைக்கும் கை போர் போடுங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் கேசிங் பைப்பைப் பாறையில் ஒரு அடி உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவோம், வெளியே சிமென்ட் பால் ஊற்றுவதில்லை. மேல் மண்ணில் இருக்கும் எண்ணெய் பைப்பை ஒட்டியே இறங்கிக் கீழே நல்ல தண்ணீர் வரும் கேப்பில் (பாறை வெடிப்பில்) சேர்ந்துவிடும். ஆய்வு பண்ணுகிறேன் என்று போட்ட போரே 200 அடித் தண்ணீரைக் கெடுத்துவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நிலநீர்க்காரர் | ஏப்ரல் 30, இரவு 10.10

ரிக்வண்டி தம்பி சொன்னதை நான் பல கூட்டங்களில் சொல்லியும் எடுபடவில்லை, தொழில்காரர் வாயால் வந்தது நல்லது. மாதிரி எடுக்கப் போடும் கண்காணிப்புப் போருக்கு இன்னும் இரண்டு விஷயம். பிவிசி பைப்பை மரை வைத்துத்தான் இணைக்க வேண்டும், ஒட்டும் சொல்யூஷன் கூடாது, அதன் கரைப்பான்களே சோதனையில் வந்து நிற்கும். துளைப் பைப் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும். துளை கீழே மட்டும் இருந்தால் மிதக்கிற எண்ணெய் போருக்குள் வரவே வராது.

ஆனால் எந்த மட்டம்? இதுதான் நம் நாட்டில் திட்டம் போடுகிறவர்கள் தவறும் இடம். இங்கே நீர்மட்டம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மே மாதம் அடியில் கிடக்கும், வடகிழக்குப் பருவமழை பெய்து பிசான நெல் நடவு முடிந்து மார்கழியில் பார்த்தால் பத்துப் பதினைந்து அடி ஏறியிருக்கும். எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி அந்தப் பதினைந்து அடி மண்ணிலும் பூசிக்கொள்ளும். மார்கழியில் மாதிரி எடுத்தால் மிதக்கும் படலம் காணாமல் போயிருக்கும், தண்ணீருக்கடியில் மண் இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். "சரியாகிவிட்டது" என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். சித்திரையில் மட்டம் இறங்கியதும் மறுபடி சொட்டும். உங்கள் கிணற்றில் இருபது நாளாக வாடை என்றீர்களே, கசிவு இருபது நாளுக்கு முந்தியது என்று அர்த்தமில்லை. மட்டம் 24 அடிக்குக் கீழே இறங்கி அந்த வெடிப்பு வெளியே தெரிந்தது இந்த வருடம் எப்போது என்று அப்பாவிடம் கேளுங்கள்.

வாய்க்காலையும் மறக்கக் கூடாது. பாளையங்கால் இப்போது காய்ந்து கிடக்கிறது. கார் நெல் பருவத்துக்கு ஜூன் முதல் வாரத்தில் தண்ணீர் திறப்பது வழக்கம். திறந்தால் கரையோரம் கசிந்து மட்டம் அந்தப் பக்கம் உயரும், நிலத்தடி ஓட்டத்தின் திசையே மாறலாம். ஆகவே திறப்பதற்கு முன் ஒரு அளவு, திறந்து மூன்று வாரம் கழித்து ஒரு அளவு கட்டாயம் வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது தம்பி.

திசை கண்டுபிடிக்க மூன்று கிணறு போதும், ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக இருக்க வேண்டும். மூன்றின் கைப்பிடிச் சுவரிலும் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளின் உயர வித்தியாசத்தை முதலில் பிடியுங்கள். சர்வேயர் கருவி கிடைக்காவிட்டால் கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவல் போதும். முந்தின நாள் சாயங்காலமே எல்லா மோட்டாரையும் நிறுத்திவிட்டு, விடியற்காலை ஒரு மணி நேரத்துக்குள் மூன்றையும் அளக்க வேண்டும். பிறகு மோட்டார் ஓடும்போது ஒரு தடவை.

வாழைத்தோட்டம் | மே 16, இரவு 9.50

தாமதத்துக்கு மன்னிக்கவும், வாழைத்தார் வெட்டு. நடந்து பார்த்ததில் 500 மீட்டருக்குள் ஐந்து கிணறு, பதினோரு போர், கிழக்குத் தெருவில் ஒரு அடிபம்பு. பங்குக்கு மேற்கே வாய்க்கால்.

மட்டம் அளந்தாயிற்று. எங்கள் கொத்தனாரும் நானும் ட்யூபைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக ஒரு பகல் முழுக்க நடந்தோம். ட்யூபில் ஒரு காற்றுக் குமிழி நின்றதால் பாதியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. மோட்டார் நிறுத்திய நிலையில் சரிவு தெற்கே, எங்கள் பக்கம்தான், 120 மீட்டருக்கு 40 சென்டிமீட்டர். எங்கள் மோட்டார் நாலு மணி நேரம் ஓடியதும் அது ஒன்றரை மீட்டராகிறது. நாங்களே இழுத்திருக்கிறோம்.

வெடிப்பைக் கேட்டதற்கு அப்பா சொன்னது: போன வருடமும் பங்குனியில் இரண்டு வாரம் "ஒரு மாதிரி" இருந்ததாம், மழை வந்ததும் மறந்துவிட்டார்களாம்.

மனுவும் கொடுத்துவிட்டேன், ஆட்சியருக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று. படம், கிணற்றுக் கணக்கு, வெடிப்பின் போட்டோ எல்லாம் இணைத்தேன்.

நிலநீர்க்காரர் | மே 16, இரவு 10.45

மனுவில் 2025 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகளைக் குறிப்பிட்டீர்களா? சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு அனுப்ப வேண்டும், மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். இந்த விதிகளைக் குறிப்பிடவில்லை என்றால் ஒரு துணை மனு போடுங்கள். பங்க் வளாகத்துக்குள் தோண்டுவது அவர்கள் வேலை, நீங்கள் அந்தப் பக்கம் கம்பி கூடக் குத்தக் கூடாது.

வாழைத்தோட்டம் | ஜூன் 27, இரவு 8.20

வாய்க்காலில் தண்ணீர் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்று விடியற்காலை இரண்டாவது அளவு எடுத்தோம், கொத்தனாரும் வந்தார்.

வாய்க்கால் ஓரக் கிணற்றில் மட்டம் ஏழடி ஏறியிருக்கிறது, எங்களுடையதில் மூன்றடி. முக்கோணத்தில் கோடு போட்டால் ஓட்டம் இப்போது தெற்கே இல்லை. பங்கிலிருந்து கிழக்கே போகிறது. கிழக்கே இருப்பது அந்த அடிபம்புத் தெரு. முப்பது நாற்பது வீடு, நடுவில் ஒரு அங்கன்வாடி. யாருக்கும் வாடை தெரியவில்லை, யாரும் புகாரும் சொல்லவில்லை. என் முதல் திட்டப்படி போயிருந்தால் அந்தப் பம்பு கணக்கிலேயே வந்திருக்காது.

அங்கன்வாடி டீச்சரிடம் சாயங்காலமே போய்ச் சொன்னேன். நாளையிலிருந்து குழாய்த் தண்ணீர் மட்டும்தான் என்றார்கள். வாரிய அலுவலகத்திலிருந்து வியாழக்கிழமை வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. அவர்களிடம் மாதிரி எடுக்க வேண்டிய இடங்களில் முதலாவதாக அடிபம்பை எழுதிக் கொடுக்கிறேன், எங்கள் கிணறு இரண்டாவது.

அக்கா, அடிபம்பில் மாதிரி எடுக்கும்போது எத்தனை நேரம் அடித்துவிட்டுப் பிடிக்க வேண்டும்? அடிக்கிற வேகத்தில் காற்று கலக்குமே.

கண்ணாடிக்குடுவை | ஜூன் 27, இரவு 9.05

பைப்பில் நிற்கும் பழைய தண்ணீர் மூன்று மடங்கு வெளியேறும் வரை அடியுங்கள், 100 அடி ஆழ பம்பு என்றால் சுமார் கால் மணி நேரம். பிறகு ஒருவர் மெதுவாக, நிறுத்தாமல் அடிக்க, பம்பின் வாய் குவளையின் அடியில் படும்படி ஒரு கண்ணாடிக் குவளையைப் பிடித்து, நுரையில்லாமல் வழியும் தண்ணீரைக் குப்பிக்கு மாற்றுங்கள். இரட்டை மாதிரியை அங்கேயே எடுங்கள். குப்பிகள் புதன்கிழமை பேருந்தில் வந்துவிடும், ஐஸ் மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள்.